தெற்குக் கயிறு

அந்த நாளில் இறக்கக்கண்டிக் கரையில் தம்பிராசாவின் குரலுக்கு ஈடாக இன்னொரு குரல் இல்லை. அதை மற்றவர்கள் சொல்லும்வரை பொறுத்திருக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை, தானே சொல்லுவார். “நான் ஒருக்காக் கூப்பிட்டா நிலாவெளியில மேயிற மாடு திரும்பிப் பாக்கும்” என்பார். அந்தக் குரலால் அவர் செய்த ஒரு கெட்ட காரியத்தைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அது நடந்தது எண்பத்தைந்தாம் ஆண்டு ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. யாரையும் அவர் தொடவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. ஒரு பாட்டில் ஒரு பெயரை மாற்றிக் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

கரைவலை இழுப்பதைப் பார்த்திராதவர்களுக்கு இது விளங்காது, ஆகையால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோணி கடலுக்குள் போய் வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிடும். வலையின் இரண்டு நுனியிலும் கட்டிய நீளக் கயிறுகள் கரைக்கு வந்து சேரும். வடக்குக் கயிற்றில் பதினைந்து பேர், தெற்குக் கயிற்றில் பதினைந்து பேர். நடுவே கடலில் மீன் விழுகிற பை, அதற்கு மடி என்று பெயர். இரண்டு கயிறும் ஒரே அளவாக வரவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மடி சரிந்து மீன் முழுக்கப் போய்விடும். ஒரு கயிற்றுக்கும் மற்றக் கயிற்றுக்கும் இடையில் கால் மைல் மணல் கிடக்கும்போது அளவைச் சரிபார்க்க ஒரே வழி பாட்டுத்தான். வடக்கு ஒரு அடி பாடும், தெற்கு ஒரு அடி பாடும். அடி முடிகிற இடத்தில் முப்பது பேரும் ஒன்றாக இழுப்பார்கள்.

வடக்குக் கயிற்றின் தலைப்பில் நின்றவர் தம்பிராசா. தெற்குக் கயிற்றின் தலைப்பில் ஜூவானிஸ். மடிக்கு மேலே தோணியில் நின்று மீனை மறிப்பவர் ஜெமீல். வலையும் தோணியும் அவருடையவை.

ஜூவானிஸ் நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களவர், வேதக்காரர். முதலில் பருவத்துக்கு மட்டும் வந்து கரையில் ஓலையால் வாடி போட்டு இருந்துவிட்டு, ஐப்பசியில் காற்றுத் திரும்பும்போது ஊருக்குப் போய்விடுவார். மூன்றாம் வருஷம் மனைவி கத்ரீனாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். கத்ரீனா பிறகு ஐப்பசியிலும் ஊருக்குப் போகவில்லை, கரையிலேயே தங்கிவிட்டாள். மகள் பிலோமினா திருகோணமலை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள்.

பாட்டின் கதை எழுபத்தைந்தில் தொடங்கியது. அந்த வருஷம் ஒரு மாதம் முழுக்க மடி வெறுமையாக வந்தது. தம்பிராசா கோணேசரைக் கூப்பிட்டார். ஜூவானிஸ் அந்தோனியாரைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு பக்கம் தொண்டை கிழியக் கத்தியும் கடல் அசையவில்லை. அந்தக் கிழமைதான் ஜெமீலுக்கு அரசாங்கக் கச்சேரியில் ஒரு காணிப் பெர்மிட் கிடைத்திருந்தது. மூன்று தரம் தானே போய்க் கேட்டுக் கிடைக்காதது, நாலாம் தரம் இன்னொருவர் அவருக்காகப் போய்க் கதைத்தவுடன் கிடைத்துவிட்டது. அந்த ஞானத்தோடு கரைக்கு வந்து சேர்ந்தார்.

“தனக்குத் தானே போய்க் கேட்டா ஆருடா குடுப்பான்? கச்சேரிக்கே சிபாரிசு வேணும்” என்றார் ஜெமீல். “ரெண்டு பேரும் ஆளை மாத்துங்க. தம்பிராசா, நீ இவனுக்காக அந்தோனியாரைக் கேள். ஜூவானிஸ், நீ அவனுக்காகக் கோணேசரைக் கேள். வெளியாள் வந்து வாய்விட்டுக் கேட்டா அவங்களுக்கும் இல்லையெண்டு சொல்ல வெக்கமாத்தானே இருக்கும்.”

“அப்ப உனக்கு?” என்று கேட்டார் தம்பிராசா.

“நான் கடலில நிக்கிறவன். மடி கரை தட்டேக்க எல்லாருமாச் சேந்து எங்கட முஹ்யித்தீன் ஆண்டவரை ஒரு சத்தம் கூப்பிடுங்க, போதும்.”

பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் மறுநாள் மடி நிறையக் கீரி மீன் விழுந்தது. இழுக்க ஆள் போதாமல் வீதியால் போனவர்களையும் கூப்பிட வேண்டியதாயிற்று. மீன்பிடிக்கிறவர்கள் அதன் பிறகு ஒரு வழக்கத்தை விடுவார்களா? அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது.

ஜூவானிஸ் தெற்கிலிருந்து பாடுவார்:

“கோணமலை வாலுகின்ற கோணேஸா,
கூட்டாலி வலைக்கு மீன் தா ராஸா!”

வாழுகின்ற என்று வராது அவருக்கு. தம்பிராசா திருத்திப் பார்த்து அலுத்துவிட்டார். கோணேசருக்கு விளங்கினால் சரி என்று விட்டுவிட்டார்கள். வடக்கிலிருந்து தம்பிராசா “அந்தோனி முனிந்துனே...” என்று எடுப்பார். அதன் இரண்டாம் அடி முழுக்கச் சிங்களம். இரண்டு நாள் ஜூவானிஸின் வாடியில் குந்தியிருந்து வாய்ப்பாடு போலப் பாடமாக்கியது. தொலைந்து போனதைத் தேடிக் கொண்டுவந்து என் கூட்டாளி கையில் கொடு என்பது அதன் கருத்து; அந்தோனியாருக்கு அதுதானே வேலை. இரண்டு கயிற்றிலும் நின்றவர்கள் ஒவ்வோர் அடிக்கும் “ஓடி ஹெலெய்யா” என்று இழுப்பார்கள். அது சிங்களக் கரையில் வலை இழுக்கும் சத்தம். ஏலேலோவை விட அதற்கு இழுவை நன்றாக விழுகிறது என்று தமிழர்களும் முஸ்லிம்களுமே முடிவெடுத்து வைத்துக்கொண்டார்கள்.

சாம்பல்தீவிலிருந்து புல்மோட்டைவரை மற்ற வலைக்காரர் இவர்களுக்கு வைத்த பெயர் ‘சாமி மாத்தினவை’. நீங்கள் எல்லாம் என்ன சமயம் என்று ஒருவன் நக்கலாகக் கேட்டதற்கு, “நாங்க கரைவலைச் சமயம்” என்று ஜெமீல் பதில் சொன்னார். அதில் பொய் இல்லை. கடலில் தொடங்கியது மெல்ல மெல்லத் தரைக்கும் ஏறிவிட்டது. பிலோமினாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கத்ரீனா கோயிலுக்குப் போகவில்லை. தம்பிராசாதான் செவ்வாய்க்கிழமை போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். தம்பிராசாவின் மனைவி புஷ்பவதிக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தபோது ஜூவானிஸ் சாரத்தோடு கோணேசர் கோயிலுக்கு ஏறித் தேங்காய் உடைத்தார். ஜெமீலின் மனைவி றஹ்மா நேர்த்தி வைத்தால் கந்தூரிச் சோற்றுக்கு அரிசி கொண்டுபோவது புஷ்பவதி. தனக்காகத் தானே கேட்பது அந்தக் கரையில் மெல்ல ஒரு வெட்கக்கேடான காரியமாகிவிட்டது. யாருமே இல்லாதவன்தான் தனக்குத் தானே கேட்பான் என்று பிள்ளைகள்கூடச் சொல்லத் தொடங்கின.

பத்து வருஷம் அப்படிப் போனது. பத்து வருஷம் சின்னக் காலம் இல்லை. அந்தப் பத்து வருஷமும் ஒரு காலையில் அழிந்துவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் தம்பிராசா சிரித்திருப்பார்.

எண்பத்தைந்து வைகாசிக் கடைசியில் புஷ்பவதியின் தம்பி குணரத்தினத்தை ஆமி சுற்றிவளைப்பில் கொண்டுபோனது. பத்தொன்பது வயது, தபாற்கந்தோரில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்த பெடியன். புஷ்பவதி முகாம் வாசலில் போய் நின்று அழுதாள், உள்ளே விடவில்லை. அடுத்த நாள் யாரும் சொல்லாமலே ஜூவானிஸ் வெளிக்கிட்டுப் போனார். காலையிலிருந்து பின்னேரம்வரை வெயிலில் நின்று, வருகிற போகிற ஒவ்வொருவரிடமும் சிங்களத்தில் கேட்டார். என் தம்பி, நல்ல பிள்ளை, விட்டுவிடுங்கள் என்று கேட்டார். ஒருவன் துவக்கின் அடிக்கட்டையால் நெஞ்சில் இடித்துத் துரத்திவிட்டான். அங்கே மட்டும் சிபாரிசு பலிக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, தம்பிராசாவின் வளவுக்கு இரண்டு பொடியள் சைக்கிளில் வந்தார்கள். இயக்கப் பொடியள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள்.

“அண்ணை, வெள்ளிக்கிழமைக்குள்ள சிங்கள வாடியள் எல்லாம் வெளிக்கிட வேணும். அதுக்குப் பிறகு நிக்கிற ஆக்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை” என்றான் ஒருவன். “உங்களுக்குப் பழக்கமான ஆள்தானே. நீங்களே சொல்லிவிடுங்கோ.”

சொல்லவேண்டியது ஒரேயொரு வசனம். மச்சான், வெள்ளிக்கிழமைக்குள்ள போயிடு, இஞ்ச இருந்தா உயிருக்கு ஆபத்து. அதைச் சொல்லத்தான் தம்பிராசா அன்று பின்னேரம் வாடிக்குப் போனார். ஜூவானிஸ் வலையில் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தார். நெஞ்சில் துவக்கு இடித்த இடம் இன்னும் கறுத்துக் கிடந்தது. கத்ரீனா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “குணா தம்பி பத்தி ஏதும் தெரிஞ்சதா?” என்று கேட்டாள். தம்பிராசா தேத்தண்ணியைக் குடித்தார். இல்லை என்றார். எழும்பி வந்துவிட்டார்.

புதன்கிழமையும் போனார். பிலோமினா ஓடிவந்து, மாமா எனக்கு என்ன கொண்டுவந்தனீங்க என்று சாரத்து மடியைப் பிடித்தாள். அன்றைக்கும் ஏலவில்லை. வீட்டுக்கு வந்தபோது புஷ்பவதி குசினி வாசலில் நின்றாள்.

“சொல்லிட்டீங்களோ?”

“நாளைக்குச் சொல்லுவம்.”

“நாளைக்கு, நாளைக்கு. என்ர தம்பியைக் கொண்டுபோனவங்கள் நாளைக்கெண்டு சொல்லிட்டே கொண்டுபோனவங்கள்?” என்று சீறினாள் அவள். “ஊரெல்லாம் கதை வந்திட்டுது. அவங்கட ஆளோட ஒட்டிக்கொண்டு திரியிறதெண்டு உங்களைத்தான் காட்டுறாங்கள். நாளைக்கு உங்களையும் கொண்டுபோனா எனக்கு ஆர் இருக்கு?”

அவள் ஜூவானிஸைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தம்பிராசா மறுத்துப் பேசியிருப்பார்.

வியாழக்கிழமை காலை தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டது. ஆட்கள் கயிற்றைத் தோளில் கொண்டார்கள். கடல் நல்ல அமைதி, தெற்கே கோணமலை முனை மங்கலாகத் தெரிந்தது. முதல் அடி எப்போதும் வடக்குடையது. தம்பிராசா மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். அந்தோனியாரைக் கூப்பிட வேண்டிய இடத்தில், “கோணமலை வாழுகின்ற கோணேசா” என்று கூப்பிட்டார். ழகரம் சுத்தமாக விழுந்தது.

அதைக் கேட்கிற வெளியாளுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. சைவக்காரன் தன் சாமியைக் கூப்பிடுகிறான், அதில் என்ன? ஆனால் கயிற்றில் நின்ற முப்பது பேரும் தலையைத் திருப்பித் தம்பிராசாவைப் பார்த்தார்கள். எனக்கு நீ வேண்டாம், நான் எனக்கே கேட்டுக்கொள்வேன் என்று அதற்கு அர்த்தம். இனி உனக்காகக் கேட்க இங்கே ஆள் இல்லை என்றும் அர்த்தம். அந்த இரண்டையும் முப்பது பேருக்கும் விளங்கும்படி அவர் சொல்லிவிட்டார்.

பிறகு வந்த வருஷங்களில் தம்பிராசா தனக்குத் தானே சொல்லிக்கொண்டது, அது ஓர் எச்சரிக்கை என்று. வாயால் சொல்ல ஏலாததைப் பாட்டால் சொன்னேன், அவன் விளங்கிக்கொண்டு போகட்டும் என்று செய்தேன் என்பார். அது பாதி உண்மை. மற்றப் பாதி அவருக்கே தெரியும். குணரத்தினத்தைக் கொண்டுபோனவர்கள் மேல் இருந்த ஆத்திரமெல்லாம், கைக்கெட்டின தூரத்தில் நின்ற ஒரேயொரு சிங்களவன் மேல் போய் விழுந்தது. அந்த மனுஷன் அதே பெடியனுக்காக நெஞ்சில் இடி வாங்கினவர் என்பது அந்த நேரம் அவருக்கு நினைவு வராமல் இல்லை. நினைவு வந்தும் செய்தார்.

இனித் தெற்கின் முறை. கயிறு விறைத்தபடி நின்றது. ஜூவானிஸ் கயிற்றைப் போட்டுவிட்டுப் போவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு தெற்கிலிருந்து வந்தது:

“கோணமலை வாலுகின்ற கோணேஸா,
கூட்டாலி வலைக்கு மீன் தா ராஸா!”

அன்று முழுக்க இரண்டு கயிறும் ஒரே ஆளைத்தான் கூப்பிட்டன. மடி கரை தட்டியதும் எல்லாரும் முஹ்யித்தீன் ஆண்டவரைக் கூப்பிட்டார்கள். மீன் நன்றாகவே விழுந்திருந்தது. ஜூவானிஸ் தன் பங்கு மீனை மணலிலேயே விட்டுவிட்டு வாடிக்கு நடந்தார்.

ஜெமீல் தோணியால் குதித்து நேரே தம்பிராசாவிடம் வந்தார்.

“கடலில நிண்டா எல்லாம் கேக்கும் மச்சான். ரெண்டு கயிறும் உனக்குத்தான் கேட்டுது. அவனுக்கு ஆரு கேட்டது?”

தம்பிராசா அப்போதுதான் பொடியள் வந்ததைச் சொன்னார். வெள்ளிக்கிழமையைச் சொன்னார். ஜெமீல் தலையில் கைவைத்துக்கொண்டு, “அட பாவி, இத வாயால சொல்லுறதுக்கென்ன?” என்று கத்திவிட்டு வாடியை நோக்கி ஓடினார்.

அன்று மத்தியானமே ஜூவானிஸின் குடும்பத்தை ஜெமீல் தன் தோணியில் ஏற்றித் திருகோணமலைப் பட்டினத்துக்குக் கொண்டுபோனார். இரண்டு பெட்டி, ஒரு பாய்ச் சுருள், அந்தோனியார் படம் ஒன்று. தம்பிராசா கரைக்குப் போகவில்லை. போனார், ஆனால் கரைவரை போகவில்லை. பனைமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். தோணி போய் மறையும்வரை நின்றார். பின்னேரம் ஜெமீல் திரும்பி வந்ததும், என்ன சொன்னவன் என்று கேட்டார்.

“வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னனான். ‘அத வாயால சொல்லியிருக்கலாமே’ எண்டான். வேறொண்டும் கதைக்கேல்லை.”

அதற்குப் பிறகு ஜூவானிஸைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பட்டினத்திலிருந்து பஸ் ஏறினதுவரை தெரியும். அந்த நாட்களில் பஸ் ஏறினவர்கள் எல்லோரும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. இரவும் பகலும் தம்பிராசாவை அரித்தது அதுதான். கடிதம் போடலாம் என்று ஜெமீல் சொன்னபோது, விலாசம் தெரியாது என்று தட்டிக்கழித்தார். விலாசம், முன்னொரு காலம் கத்ரீனா எழுதிக் கொடுத்தபடி, வீட்டு அலுமாரியில் இருந்தது.

கரையில் ஓடி ஹெலெய்யா நின்றுபோனது. சிங்களச் சத்தம் எதற்கு என்று பொடியள் கேட்டார்கள். கூப்பிடுவதும் நின்றது, இரண்டு கயிறும் வெறும் ஏலேலோ போட்டன. தொண்ணூறில் ஊரே பெயர்ந்து போனது. ஐந்து வருஷம் அகதி முகாமில் இருந்துவிட்டுத் தம்பிராசாவும் புஷ்பவதியும் திரும்பி வந்தார்கள். குணரத்தினம் வரவேயில்லை. இத்தனை காலத்தில் தம்பிராசா அந்தோனியாரை ஒரு தரமாவது கூப்பிட்டிருக்கலாம். முகாமில்கூட ஒரு அந்தோனியார் படம் இருந்தது. எந்த முகத்தோடு கூப்பிடுவது என்ற எண்ணம் வரும். அந்தப் பக்கம் பார்க்காமல் போய்விடுவார்.

இரண்டாயிரத்து இரண்டு. சண்டை நிறுத்தம் வந்து வீதித் தடைகள் திறந்த வருஷம். சித்திரையில் நீர்கொழும்பு வாடிக்காரர் பதினேழு வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாக இறக்கக்கண்டிக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் ஜெமீல் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு தம்பிராசாவின் வளவுக்குள் நுழைந்தார். ஜெமீலின் தாடி முழுக்க வெளுத்திருந்தது. பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

“ஆரெண்டு தெரியுதா?” என்றார் ஜெமீல்.

“பிலோமினா, மாமா” என்றாள் அவள்.

தம்பிராசா கதிரையை விட்டு எழும்பினார். புஷ்பவதிதான் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள். தன் புருஷனின் ஆட்களோடு வந்ததாகச் சொன்னாள் பிலோமினா. அப்பா எப்படி என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அவளே சொன்னாள்.

“அப்பா போன மார்கழியில மோசம் போயிட்டார். நெஞ்சு வருத்தம்.”

அப்படியென்றால் பதினாறு வருஷம் உயிரோடு இருந்திருக்கிறார். தம்பிராசாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. இறங்கின இடத்திலேயே இன்னொன்று ஏறப்போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

“நாங்க தோணியில ஏறக்குள்ள நீங்க பனைக்குப் பின்னால நிண்டீங்க” என்றாள் அவள், குற்றமாக இல்லை, ஞாபகம் வந்தது போல. “அப்பா கண்டவர். ‘மாமா நிக்கிறார், பாக்காத’ எண்டு சொன்னார்.”

புஷ்பவதி தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

“அங்க எங்களுக்கு வலை இல்ல மாமா. அப்பா மத்தவங்கட இன்ஜின் போட்டில போனவர். விடிய போட்டைத் தள்ளக்குள்ள ஒவ்வொரு நாளும் கூப்பிடுவார். கோணமலை வாலுகின்ற கோணேஸா எண்டு. எல்லாரும் சிரிப்பாங்க. ஒரு தரம் கொழும்பில குண்டு வெடிச்ச நேரம் அடிச்சுப்போட்டாங்க, கொட்டியா எண்டு.” கொட்டியா என்றால் புலி என்று அங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. “ரெண்டு பல்லு போச்சு. அடுத்த நாளும் கூப்பிட்டார். அம்மா சண்டை பிடிப்பாங்க. அப்பா சொல்லுவார், ‘நான் நிப்பாட்டினா அங்க தம்பிராசாவுக்கு ஆரு இருக்கு? அவன் தனக்குத் தானே கேக்கத் தொடங்கிட்டான், பாவம்’ எண்டு.”

தம்பிராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெமீல் அவரைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தார்.

“வருத்தம் கூடினாப் பிறகு, அந்தோனியார் கோயிலுக்குப் போய்க் கேளுங்க எண்டு அம்மா சொன்னாங்க. வாசல்ல இருக்கிற கோயில். அப்பா போகல்ல. ‘எனக்கு நானே கேக்கிறதில்ல. அங்க தம்பிராசா கேக்கிறான், அது போதும்’ எண்டார்.” அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். “கேட்டீங்கதானே, மாமா?”

“ஓம் பிள்ளை” என்றார் தம்பிராசா. “ஒவ்வொரு நாளும்.”

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, பொய் சொன்னது சரிதான் என்று ஒரு நொடி நினைத்தார்.

“எனக்குத் தெரியும்” என்றாள் அவள். “மாமா, அந்த அந்தோனியார் பாட்டை எனக்குச் சொல்லித் தாங்க. அப்பா அத எனக்குச் சொல்லித் தரவேயில்ல. ‘அது மாமாட அடி, நான் சொல்லக்கூடாது’ எண்டுட்டார். நான் போய் அப்பாட கல்லறையில சொல்லணும். அவருக்காக என்ன கேட்டதெண்டு எனக்குத் தெரியணும்.”

தம்பிராசா தொண்டையைச் செருமினார். “அந்தோனி முனிந்துனே” என்று எடுத்தார். குரல் கரகரத்தாலும் ராகம் அப்படியே வந்தது. அடுத்த அடிக்கு வாயைத் திறந்தார்.

இல்லை.

மறுபடி முதலடியைப் பாடினார், ஓடிவந்து பாய்ந்தால் தாண்டிவிடலாம் என்பது போல. அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. கருத்துத் தெரியும். எத்தனை சொல் என்றுகூடத் தெரியும். ஒரு சொல்லும் வரவில்லை. ஜெமீலைப் பார்த்தார். ஜெமீல் மெல்லத் தலையை ஆட்டினார். கடலில் நின்றவருக்குப் பெயரும் ராகமும் கேட்டன, சிங்களச் சொல் பிடிபட்டதில்லை; கயிற்றில் நின்றவர்களுக்கும் அப்படித்தான். உலகத்தில் அந்த அடியைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தனக்காக அதைச் சொல்லாமலே செத்துப்போனார்.

“மறந்துபோச்சு பிள்ளை” என்றார் தம்பிராசா. பிறகு, யாரும் கேட்காமலே, “நான் ஒரு நாளும் கூப்பிடேல்லை” என்றார். “நீங்கள் போன நாளிலயிருந்து ஒரு நாளும் இல்லை. கொப்பர் நம்பிக்கொண்டு இருந்தவர். நான் கூப்பிடேல்லை.”

பிலோமினா, புஷ்பவதி கொண்டுவந்த தேத்தண்ணியை வாங்கி முழுவதும் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினாள்.

“நான் அப்பாட்டச் சொல்லமாட்டன்” என்றாள். “நீங்க கேட்டதெண்டே சொல்லுவன்.”

மறுநாள் காலை ஜெமீலின் வலையை இழுக்க ஆள் போதவில்லை. வாடிக்காரரும் வந்து கயிற்றில் நின்றார்கள். ஜெமீல் வயதைக் காட்டித் தோணியில் ஏறாமல் கரையில் நின்றார். தம்பிராசாவை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே வந்து வடக்குக் கயிற்றின் தலைப்பைப் பிடித்தார். தெற்கில் பிலோமினா தன் ஆட்களுக்குப் பக்கத்தில், பாவாடை நனைய நின்றாள். முதல் அடி வடக்குடையது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளே தொடங்கினாள்.

“கோணமலை வாலுகின்ற கோணேஸா,
கூட்டாலி வலைக்கு மீன் தா ராஸா!”

அப்பன் பிழைவிட்ட இடத்தில் அவளும் பிழைவிட்டாள். நீர்கொழும்பு ஆட்கள் “ஓடி ஹெலெய்யா” என்று இழுத்தார்கள்; ஜெமீலின் பக்கத்து வயதான ஆட்கள் இரண்டு பேர் தங்களை அறியாமல் கூடச் சேர்ந்து இழுத்தார்கள். தெற்குக் கயிறு நாலு முழம் வந்தது.

இனி வடக்கு. தம்பிராசா மூச்சை இழுத்தார். “அந்தோனி முனிந்துனே” என்றார். நிலாவெளிவரை கேட்டிருக்கும். பின்னால் பதினைந்து பேர் காலை ஊன்றிக்கொண்டு அடி முடியக் காத்திருந்தார்கள். அடி முடியவில்லை. எப்போது இழுப்பது என்று தெரியாமல் ஒருவன் முந்தினான், ஒருவன் பிந்தினான், கயிறு வழுகிக் கடலுக்குள் ஒரு முழம் திரும்பிப் போனது. தம்பிராசா மறுபடி முதலடியைக் கூப்பிட்டார். அதற்கு மேல் அவரிடம் இல்லை. கால் மைல் மணலுக்கு அப்பால் தெற்குக் கயிறு தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றது.